கேட்பதன் தேய்மானம்

கேட்டதற்காகவே ஒரு காது அழிய வேண்டியிருக்கிறது என்ற செய்தி கொஞ்ச காலமாக என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. காது என்று நான் சொல்வது கலத்தின் மென்சவ்வில் பதிந்து நிற்கும் வாங்கிகளை. குருதியோடு வரும் ஓமோன் தனக்குரிய வாங்கியில் அமர்கிறது. வாங்கியின் உள்பக்க வால் உருமாறுகிறது. செய்தி கலத்துக்குள் இறங்குகிறது. உயர்தரத்துக்கு உயிரியல் படித்த எவருக்கும் இவ்வளவும் மனப்பாடம். பாடம் நின்றுவிடும் இடத்துக்கு அப்பால்தான் என் தொந்தரவு தொடங்குகிறது. செய்தியைச் சொல்லி முடித்த வாங்கி அடுத்த ஓமோனுக்காக அப்படியே காத்து நிற்பதில்லை. அது நிற்கும் இடத்தில் மென்சவ்வு குழிகிறது, குழி ஆழமாகிறது, அதன் வாய் இறுகி, நுண்ணிய பையாகப் பிய்ந்து, ஓமோனையும் வாங்கியையும் சேர்த்தே உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒரு நிமிடம், சில வேளை அதற்குச் சற்று மேல், காரியம் முடிந்துவிடும். உள்ளே போனவற்றில் ஒரு பங்கு மேலே திரும்பி வருகிறது. மற்றவை அமிலமும் நொதியங்களும் நிறைந்த இலைசோசோமுக்குள் போய் அமினோ அமிலங்களாகச் சிதைகின்றன. எந்த ஓமோனும் தொடாத வாங்கி நெடுநேரம் வாழ்கிறது. கேட்ட வாங்கியின் ஆயுள்தான் சுருங்குகிறது. இதில் ஏதோ அநியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. பட்டதை அப்படியே நம்பிவிடவும் மனமில்லை, விட்டுவிடவும் முடியவில்லை.

இந்தக் குழியை முதலில் தெளிவாகக் காட்டியது ஒரு கொசுவின் முட்டை. 1964இல் ரோத், போட்டர் என்ற இருவர், இரத்தம் குடித்த பெண் ஏடிஸ் கொசுவின் முட்டைக்கலங்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார்கள். முட்டை தனக்கு வேண்டிய மஞ்சட்கருப் புரதத்தை ஆயிரக்கணக்கான சிறு குழிகள் வழியே அள்ளிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குழியின் உட்பக்கத்திலும் மயிர் நட்டதுபோல ஒரு படலம். அந்தப் படலம் எதனால் ஆனது என்று தெரியப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. கேம்பிரிட்ஜில் பார்பரா பியர்ஸ் பன்றியின் மூளையிலிருந்து அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து, கிளத்திரின் என்று பெயரிட்டார். மூன்று கால் கொண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கால் கோத்து, அறுகோணமும் ஐங்கோணமுமாக, பையைச் சுற்றி ஒரு கூடு கட்டுகின்றன. பை உள்ளே வந்து சேர்ந்ததும் கூடு கலைந்துவிடுகிறது. அதே கால்கள் அடுத்த குழிக்குப் போகின்றன. படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதன் நேர்த்தி என்னைத் திகைக்க வைக்கிறது. சிதைக்கப்படவிருக்கும் ஒன்றை எடுத்துச் செல்ல இத்தனை கவனம் எதற்கு? மென்சவ்வை அங்கேயே கிழித்து வெளியே எறிந்துவிடலாமே. கலம் அப்படிச் செய்வதில்லை. கேட்டதைக் கைவிடாமல், போர்த்தி உள்ளே அழைத்துக்கொண்டு போய்த்தான் உடைக்கிறது.

உடைக்கும் இடத்தின் கதை இன்சுலின் என்ற ஓமோனில் தொடங்குகிறது. பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டுவ் 1940களின் கடைசியில் தேடிக்கொண்டிருந்தது, ஈரலில் இன்சுலின் என்ன செய்கிறது என்பதை. எலியின் ஈரலை அரைத்து நொதியங்களை அளந்தபோது, பக்கத்தில் ஒப்பீட்டுக்காக அளந்த அமிலப் பொசுபற்றேசு இருக்கவேண்டிய அளவில் இல்லை. அதே அரைப்பைச் சில நாள் குளிரில் வைத்துவிட்டு மறுபடி அளந்தால் கூடியிருந்தது. நொதியம் ஏதோ ஒரு பைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது, பை பழுதடைந்ததும் வெளிப்படுகிறது என்பது புரிந்தது. 1955இல் அந்தப் பைக்கு இலைசோசோம் என்று பெயர் வந்தது. 1974இல் டி டுவுக்கு நோபல் பரிசு. இன்சுலினின் சொல் ஈரலில் என்ன செய்கிறது என்று பார்க்கப் போனவர், சொல்லும் அதைக் கேட்ட வாங்கியும் போய் முடியும் இடத்தில் வந்து நின்றார். தற்செயல்தான். ஆனால் இந்தத் தற்செயலைக் கடந்துபோக என்னால் முடியவில்லை, ஏனென்றால் கேட்பதைப் பற்றிய எந்த விசாரணையும் கடைசியில் கேட்பவர் என்ன ஆனார் என்ற இடத்துக்கே வந்து சேர்கிறது.

எது திரும்பும், எது சிதையும்? உள்ளே போன பை முதலில் சேரும் அறையில் அமிலம் மென்மையானது. அந்த மென் அமிலத்தில் இன்சுலின் தன் பிடியை விட்டுக் கழன்றுகொள்கிறது. கழன்ற இன்சுலினை நொதியம் துண்டாக்குகிறது. வாங்கிகளில் பெரும்பகுதி மேலே திரும்புகிறது. மேற்தோல் வளர்ச்சிக் காரணியின் வாங்கிக்கு நிலைமை வேறு. அதன் வாலில் யுபிக்குயிட்டின் என்ற சிறு புரதம் ஒட்டப்பட்டால் அது இலைசோசோமுக்குரியது என்று பொருள். மிலானில் டி ஃபியோரேயின் குழுவினர் 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டிய ஒரு விவரம் இங்கே முக்கியம். வளர்ச்சிக் காரணி கொஞ்சமாக இருந்தால் வாங்கி உள்ளே போய்ப் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. அளவு மிகுந்தால் யுபிக்குயிட்டின் ஒட்டப்படுகிறது, இன்னொரு வழியும் திறக்கிறது, வாங்கி அழிவுக்குப் போகிறது. மெல்லச் சொன்னால் கேட்டவர் பிழைக்கிறார். ஓங்கிச் சொன்னால் உடைகிறார். இதைப் படித்தபோது அநியாயம் என்று எனக்குத் தோன்றியது உறுதிப்பட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. மெட் என்ற வாங்கியின் வாலில் யுபிக்குயிட்டினை ஒட்டுவதற்கான இடம் மரபணுப் பிழையால் விடுபட்டுப் போவதுண்டு. அந்த வாங்கியை நேரத்துக்கு அகற்ற முடிவதில்லை. அது கேட்டுக்கொண்டே இருக்கிறது, வளர் என்ற சொல்லைக் கலத்துக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சில நுரையீரல் புற்றுநோய்களின் வேர் அங்கேதான். கேட்பதை நிறுத்தத் தெரியாத கலம் உடம்பையே கொல்லும். அப்படியானால் வாங்கியை உடைப்பதில் உள்ள கருணையையும் நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். போதாததற்கு, மொன்ட்ரியாலில் பொஸ்னரும் பெர்ஜெரோனும் ஈரல் கலங்களில் கண்டது ஒன்று உண்டு: உள்ளே இழுக்கப்பட்ட இன்சுலின் வாங்கி அங்கிருந்தும் சிறிது நேரம் செய்தி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. உள்ளே எடுப்பதும் வாயடைப்பதும் ஒன்றல்ல.

இதெல்லாம் யாரோ ஆய்வுகூடத்தில் பார்த்த விஷயங்களாகவே என்னிடம் தங்கியிருக்கும், கந்தப்பளையில் அத்தையின் கிளினிக் கொப்பியைப் பார்க்காதிருந்தால். கந்தப்பளை 6000 அடிக்கு மேலே இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து இராகலைக்குப் போகும் வழியில், லீக்ஸும் கரட்டும் மூட்டையாகி லொறி ஏறும் கடைவீதி. அதைச் சுற்றிக் கோட்லொஜ், பார்க், எஸ்கடேல் என்று தேயிலை. சனவரியில் விடியற்காலைப் பனி விழுந்தால் கொழுந்து கருகிப் போகும். இந்தக் குளிரில் உடம்பு நாள் முழுக்கச் சூடு கேட்கும், சூடு என்றால் இங்கே சாயத்தண்ணி. எழுந்ததும் ஒன்று, மலைக்குப் போகுமுன் ரொட்டியோடு ஒன்று, பத்து மணிக்குப் போத்தலில் கொண்டுபோனது, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, விளக்கு வைத்ததும், படுக்குமுன். அத்தை சீனியைக் கரைத்துக் குடிக்கும் பழக்கமில்லாதவர். இடது உள்ளங்கையில் கொட்டிவைத்து, நாக்கின் நுனியால் தொட்டுத் தொட்டு, வலது கையின் கோப்பையிலிருந்து உறிஞ்சுவார். கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த ரேகைகளில் சீனி மணிகள் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கடைசியில் அந்த ரேகைகளையும் நக்கித் துடைப்பார். பால்மா விலை ஏறிய நாட்களிலும், அரிசி குறைந்து கோதுமை மா கூடிய நாட்களிலும், காம்பராவில் குறையாமல் பார்த்துக்கொண்டது சீனியைத்தான். செக்ரோலிலிருந்து பேர் எடுத்து, மலை வேலையை விட்ட சில வருஷத்தில் அவருக்குச் சீனி வருத்தம் என்றார்கள். மாத்திரை, பிறகு கூடுதல் மாத்திரை, பிறகு ஊசி. "ஊசிய இன்னும் கூட்டியிருக்காங்க ஐயா. ஒடம்பு சொல்லுக் கேக்க மாட்டேங்குதாம். நான் என்னா செஞ்சேன்?" என்று கேட்டார். கிளினிக்கில் அவரிடம் அப்படிச் சொன்னவருக்கு அன்று வரிசை நீளமாக இருந்திருக்கும். அத்தை அதைக் குற்றச்சாட்டாகத்தான் வீட்டுக்கு எடுத்து வந்தார்.

உடம்பு ஏன் சொல்லுக் கேட்பதில்லை என்ற கேள்விக்கு ஒரு பதில் 1974இல் வந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜெஸ்ஸி ரோத்தின் ஆய்வுகூடத்தில் ஜேம்ஸ் கெவின் முதலானோர் மனித வெண்குழியக் கலங்களை வளர்த்து, அவற்றை இன்சுலினில் பல மணி நேரம் ஊறவிட்டார்கள். பிறகு இன்சுலினைக் கழுவி அகற்றிவிட்டு எண்ணிப் பார்த்தால், மென்சவ்வில் இருந்த வாங்கிகள் குறைந்திருந்தன. இன்சுலின் இல்லாத சூழலில் விட்டபோது மீண்டும் கூடின. அடுத்த ஆண்டு அதே கூடத்திலிருந்து இன்னொன்று: உடல் பருத்தவர்களின் கலங்களில் இன்சுலின் வாங்கிகள் குறைவு, உணவைக் குறைத்து, குருதியில் இன்சுலின் தாழ்ந்ததும், வாங்கிகள் திரும்பி வந்தன. கலம் செவிடாகப் பிறக்கவில்லை. அழைப்பு ஓயாததால் அப்படி ஆனது, அழைப்பு ஓய்ந்ததும் கேட்கத் தொடங்கியது. அத்தையின் நாளை நான் இப்போது வேறு மாதிரிப் பார்க்கிறேன். காலையிலிருந்து இரவு வரை, ஒரு கோப்பை இறங்குவதற்குள் அடுத்தது. சதையி இன்சுலினை விட்டு ஓய்வதற்குள் மறுபடி. இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. இன்சுலினைக் குருதியிலிருந்து அகற்றுவதும் வாங்கிகள்தான். ஈரலைக் கடக்கும் முதல் சுற்றிலேயே பாதியளவு இன்சுலின் வாங்கியோடு உள்ளே போய் அழிகிறது. அதனால்தான் குருதியில் அதன் அரைவாழ்வு சில நிமிடங்களே. ஈரலில் இன்சுலின் வாங்கியே இல்லாதபடி வளர்த்த எலிகளின் குருதியில் இன்சுலின் பெருகிக் கிடந்ததை 2000ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. அழைப்பை முடித்துவைப்பதும் கேட்பவரின் வேலை. கேட்பவர்கள் குறையக் குறைய அழைப்பு குருதியில் நீண்டு நிற்கும். நீண்டு நிற்பதால் இன்னும் சிலர் குறைவார்கள். அத்தையின் கேள்விக்கு என்னிடம் இருந்த பதில் இதுதான். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திண்டாடினேன். கடைசியில், ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் உடம்பு அலுத்துப்போகும் அத்தை, நடுவில் விடவேண்டும் என்றேன். அவர் உடனே சொன்னார்: "தேயிலைக்கே ஒரு வாரம் விட்டுத்தானே கை வைக்கிறோம்." ஒரு மலையைப் பறித்து முடித்தால் அடுத்த ரவுண்டு வர ஒரு வாரமாவது ஆகும், அதற்குள் கை வைத்தால் கொழுந்து இருக்காது, செடியும் நாளாவட்டத்தில் நொந்துபோகும். மட்டக்கம்பைப் பிடித்த கைகளுக்கு இது எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனாலும் எனக்குள் ஒரு தயக்கம். வாங்கிகள் குறைந்ததால் மட்டும் சீனி வருத்தம் வருவதில்லை. கொழுப்புக் கலத்தில் வாங்கிகள் தேவைக்கு மிக அதிகமாக இருக்கின்றன. அவற்றில் சிறு பங்கில் இன்சுலின் அமர்ந்தாலே முழு வேலையும் நடந்துவிடும். குறையும்போது முதலில் இழக்கப்படுவது நுண்மை. மெல்லிய சொல் எட்டாமல் போகிறது, உரத்த சொல் இன்னும் எட்டுகிறது. வருத்தம் முற்றும்போது கோளாறு பெரும்பாலும் வாங்கிக்குக் கீழே, கலத்துக்குள் செய்தி கைமாறும் படிகளில் இருக்கிறது; சதையியும் களைத்துப் போகிறது. ஆகவே ஊசியை நிறுத்து என்று இந்த அறிவு ஒருபோதும் சொல்லவில்லை. ஊசி இல்லாமல் பிழைக்க முடியாத நிலை உண்டு, அத்தைக்கும் அது தேவை. இடைவெளியைப் பற்றிய என் எண்ணத்துக்கு வலுச் சேர்ப்பதாக நான் நினைத்த இன்னொரு சான்றிலும் இதே போல ஒரு தடை இருக்கிறது. பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நோபில் 1978இல் குரங்குகளில் செய்த சோதனை அது. மூளையின் அடியிலிருந்து மணிக்கொரு துடிப்பாக வரும் ஓமோனை அதே தாளத்தில் கொடுத்தபோது கபச்சுரப்பி பதில் சொன்னது. அதே ஓமோனை இடைவிடாமல் செலுத்தியபோது பதில் அடங்கிப்போனது. மறுபடி துடிப்புக்கு மாற்றினால் மீண்டது. புரொஸ்டேட் புற்று, மார்பகப் புற்று எனப் பாலோமோன்களை அடக்கவேண்டிய இடங்களில் இந்த ஓயாத அழைப்பையே இன்று மருந்தாகக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த ஓமோனின் வாங்கிக்கு, மற்ற வாங்கிகளை விரைந்து உள்ளே இழுக்க உதவும் நீண்ட வால் பாலூட்டிகளில் கிடையாது. அது மெதுவாகவே உள்ளே போகிறது. அங்கே பதில் அடங்குவதற்கு வாங்கியை உள்ளெடுப்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஒவ்வொரு வாங்கியும் தன் வழியில்தான் கேட்கிறது, தன் வழியில்தான் கேட்பதை விடுகிறது. பொதுவாக நிற்பது ஒன்றே: இடைவெளி இல்லாத அழைப்பு பல கலங்களில் நெடுநாள் கேட்கப்படுவதில்லை.

இன்னொரு கேள்வியும் இருந்தது. அத்தை இத்தனை சீனியையும் மலையில் வேலை செய்த காலத்திலும் தின்றவர்தானே? அப்போது ஏன் ஒன்றும் ஆகவில்லை? விடை அவருடைய கால்களில் இருக்கிறது. குளுக்கோசைத் தசைக்குள் எடுக்கும் குளூட்-4 என்ற புரதம், இன்சுலின் சொன்னால் கலத்தின் உள்ளிருந்து மென்சவ்வுக்கு வரும். தசை சுருங்கி விரியும்போது அது இன்சுலின் சொல்லாமலே வரும். கூடை நிறையக் கொழுந்தோடு, கால் வழுக்கும் சரிவில், நாளெல்லாம் ஏறி இறங்கிய உடம்பில் தசை தன் வேலையை இன்சுலினைக் கேளாமலே முடித்துக்கொண்டது. மலை இன்னொரு வழியைத் திறந்து வைத்திருந்தது. பேர் எடுத்த பிறகு அந்த வழி ஒரே நாளில் அடைபட்டது. சாயத்தண்ணி மட்டும் அதே கணக்கில் தொடர்ந்தது. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சீனி வருத்தத்தின் விளிம்பில் இருந்தவர்கள் உணவைத் திருத்தி நாளும் நடந்ததால் மட்டும் வருத்தம் வரும் வாய்ப்பு 28.5 வீதம் குறைந்தது. மெட்ஃபோர்மின் மாத்திரை தந்ததும் ஏறத்தாழ அதே அளவுதான். கொழும்புக் கடைகளில் கல்லாவுக்குப் பின்னாலும் தையல் இயந்திரத்துக்கு முன்னாலும் அமர்ந்திருக்கும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளை நினைக்கும்போது இந்த எண் என்னைத் தூங்கவிடுவதில்லை. 2005-06இல் பிரசாத் கட்டுலந்த குழுவினர் இலங்கையில் வடக்கு கிழக்கு நீங்கலாக நடத்திய ஆய்வில், 20 வயதைக் கடந்தவர்களில் நகரத்தில் 16.4 வீதம், கிராமத்தில் 8.7 வீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. எங்கள் பிள்ளைகள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பஸ் ஏறிப் போகிறார்கள்.

அவர்கள் வெறுங்கையோடு போகவில்லை என்பதுதான் இன்னும் கனமானது. பூனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் பல ஆண்டுகளாகக் காட்டிவரும் உண்மை ஒன்று உண்டு: நம் பகுதிக் குழந்தைகள் ஐரோப்பியக் குழந்தைகளைவிட எடை குறைந்து பிறக்கின்றன, ஆனால் அந்தச் சிறிய உடம்பில் கொழுப்பின் பங்கு குறையவில்லை, தொப்புள்கொடிக் குருதியில் இன்சுலினும் கூடுதலாக இருக்கிறது. மெலிந்து பிறந்த பிள்ளையின் கலங்கள் முதல் மூச்சிலேயே உரத்த அழைப்புக்கு நடுவில் இருக்கின்றன. இலங்கையில் எடை குறைந்த குழந்தைகள் விகிதத்தில் அதிகம் பிறப்பது தோட்டத்துறையில்தான் என்று குடித்தொகை சுகாதார அளவீடுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வயிற்றில் பிள்ளையோடு சரிவில் நின்று கொழுந்து பறித்த தாய்மாரின் பசி, பேரப்பிள்ளையின் கலத்தில் எத்தனை வாங்கி நிற்கவேண்டும் என்பதில் ஒரு சொல் சொல்லியிருக்கிறது என்றால், அத்தை தன் மேல் போட்டுக்கொண்ட குற்றத்தை யார் மேல் வைப்பது? இதையே நீட்டி, காலமெல்லாம் வாக்குறுதிகளைக் கேட்டுக் கேட்டு மரத்துப்போன ஒரு சமூகத்தின் கதையாக இதைச் சொல்லிவிடும் ஆசை எனக்கும் வருகிறது. அந்த ஆசைக்கு நான் இடம் கொடுக்கவில்லை. கலத்தின் உண்மை கலத்துக்குரியது. அதை உவமையாக்கினால் அத்தையின் சீனி வருத்தம் மறைந்துபோய், என் வாக்கியம் மட்டும் மிஞ்சும்.

ஆரம்பத்தில் எனக்குத் தோன்றிய அநியாயம் இப்போது இடம் மாறி நிற்கிறது. கேட்ட வாங்கியைக் கலம் உள்ளெடுத்து உடைப்பதில் தவறில்லை. உடைத்த அமினோ அமிலங்களைக் கொண்டே அது புது வாங்கியும் கட்டும், நேரம் கொடுத்தால். கேட்டல் செலவில்லாமல் நடக்கிறது என்று நாம் வைத்துக்கொண்ட எண்ணத்தில்தான் தவறு இருக்கிறது. கேட்பது கேட்பவரைத் தேய்க்கிறது; தேய்ந்ததை ஈடுசெய்ய அவருக்கு அழைப்பில்லாத நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடாமல் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் கேட்கவில்லை என்று உடம்பைப் பழிப்பது நியாயமாகாது. கிளினிக்கில் ஊசியைக் கூட்ட வேண்டியிருக்கலாம், கூட்டட்டும். அதோடு சேர்த்து, இந்தப் பெண்ணின் நாளில் வயிறு எத்தனை மணி நேரம் ஓய்ந்திருக்கிறது, மலையை விட்டு இறங்கிய கால்களுக்கு நடக்க இடம் இருக்கிறதா, மகளின் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குச் சோறு போகிறதா என்ற கேள்விகளும் அந்தக் கொப்பியில் எழுதப்பட வேண்டும். அவற்றை எழுத ஆள் இல்லை, வரிசை நீளம் என்றால், ஆளைக் கூட்டுவதும் சிகிச்சைதான்.